பேரிங்கின் தோலுக்குக் கீழே

வாலாஜாபாத் அருகே உள்ள ஐயம்பேட்டை போன்ற நெசவு ஊர்களில், தார் சுற்றும் ராட்டை பல வீடுகளில் பழைய சைக்கிள் சக்கரம்தான். அதன் அச்சிலுள்ள குண்டுகளுக்கு அவ்வப்போது கிரீஸ் வைத்தால் ஆண்டுக்கணக்கில் ஓடும். பக்கத்துச் சாலையில் பாரம் ஏற்றிப் போகும் லாரியின் பேரிங்குக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. குண்டு பேரிங்மீது பாரம் இரட்டிப்பானால் ஆயுள் எட்டில் ஒன்றாகிவிடும். சுவீடனின் லுண்ட்பெர்க், பால்ம்கிரென் இருவரும் 1947-இல் வகுத்த கணக்கு இது. உருளை பேரிங்கில் சரிவு இன்னும் கடுமை.

பழுதான பேரிங் எதுவானாலும் ‘தேய்ஞ்சு போச்சு’ என்று தூக்கிப் போட்டுவிடுகிறோம். ஆனால் தூசி புகாமல், கிரீஸ் குறையாமல் ஓடிய பேரிங்கில் கேடு பெரும்பாலும் உள்ளிருந்துதான் கிளம்புகிறது. குண்டோ உருளையோ, அது ஓடும் வளையமான ரேஸைத் தொடும் இடம் மிகச் சிறியது. அங்கே அழுத்தம் 1 முதல் 3 கிகாபாஸ்கல் வரை போகும். 1 கிகாபாஸ்கல் என்பதே காற்றழுத்தத்தைப் போல் சுமார் 10,000 மடங்கு. உலோகத்தைச் சறுக்கித் திரிக்கும் விசை உச்சம் பெறுவதோ, மேற்பரப்புக்குக் கீழே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஆழத்தில்.

பேரிங் உருக்கில் கார்பன் சுமார் 1 சதவீதம், குரோமியம் 1.5 சதவீதம். சூடாக்கிச் சட்டென்று குளிர்விக்கும்போது அது மார்ட்டன்சைட் என்ற கடினமான அமைப்பைப் பெறுகிறது. கோடிக்கணக்கான சுழற்சிகளுக்குப் பிறகு அந்த அமைப்பே குலைகிறது. ரேஸைக் குறுக்காக வெட்டி, மெருகேற்றி, நைட்ரிக் அமிலம் கலந்த ஆல்கஹாலைத் தடவினால் முதலில் கருத்த பட்டை தெரியும். இன்னும் ஓடியதில், உருளும் திசைக்குச் சுமார் 30 பாகை சாய்ந்த வெண்கோடுகள். பின்னர் 80 பாகையில் இன்னொரு தொகுதி. அவற்றினுள் கார்பன் ஏறக்குறைய இல்லாத ஃபெரைட்டின் நுண்ணிய துகள்கள், ஓரத்தில் கார்பன் செறிந்த வில்லை வடிவக் கார்பைடு. உலைச் சூடு எதுவும் இல்லாமல், வெறும் உருளலிலேயே கார்பன் அணுக்கள் இடம்பெயர்ந்திருக்கின்றன! எனக்கு இதைவிட வியப்பூட்டும் உலோகச் செய்தி இல்லை.

தமிழ்நாட்டில் இது பெரிதும் கவலை தர வேண்டிய இடம் காற்றாலை. 20 ஆண்டுக்கென்று வடிவமைத்த கியர்பாக்ஸில் சில ஆண்டுகளிலேயே பேரிங் விரிசல் விடுவது உலகெங்கும் பதிவான சிக்கல். விரிசலை ஒட்டி அதே போன்ற வெண்பகுதி. மசகெண்ணெயிலிருந்து புகும் ஹைட்ரஜனா, உருளையின் வழுக்கலா, கசியும் மின்சாரமா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். முப்பந்தல் காற்றாலைகளில் கழற்றும் பேரிங் காயலான் கடைக்குப் போகுமுன் அதிலிருந்து ஒரு துண்டாவது ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டும். திருச்சி என்.ஐ.டி.யிலும் கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியிலும் உலோகவியல் துறைகள் இருக்கின்றன. காற்றாலைக்கென்றே சென்னை பள்ளிக்கரணையில் தேசிய நிறுவனமும் இருக்கிறது.