காற்றுமானிக்கு ஒரு கவசம்

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பர் நம் முன்னோர். மோட்டார் யுகத்திலே அவ்வச்சாணிக்கு நிகரான ஸ்தானத்தைப் பெற்றிருப்பது டயருக்குள் அடைபட்ட காற்று. அக்காற்றை அளக்கும் கருவியையும், அக்கருவியைக் காக்கும் எளிய ரப்பர் உறையையும் பற்றி இம்மாதம் எழுதப் புகுந்தோம். இத்துணை அற்பப் பொருளுக்கு ஒரு கட்டுரையா என நேயர்கள் நகைக்க வேண்டா. தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம் குடும்பங்களில் டாக்ஸி ஓட்டிப் பிழைப்போர் உளர். டெம்போ ஓட்டுவோர் உளர். பஞ்சர் கடை வைத்திருப்போரும் உளர். பள்ளி விடுமுறை வந்ததும், ஊர்க்கொடையைக் காணச் சொந்தக் காரிலேயே புறப்படுவோரும் இன்று உண்டு. புனே, கோலாப்பூர், ஹூப்ளி, பெங்களூரு, சேலம், மதுரை வழியாகத் திருநெல்வேலி சென்றடையச் சுமார் 1,600 கிலோமீட்டர். கோடை வெயில், மூட்டை முடிச்சுகள், பின்னிருக்கையில் குழந்தைகள் என அவ்வளவு பாரத்தையும் தாங்குபவை நான்கு டயர்களே. அந்த டயர்களைத் தாங்குவது காற்றே.

காற்றடைத்த டயரை 1887–88ஆம் ஆண்டுகளில் பெல்பாஸ்ட் நகரில், தம் மைந்தனின் மூன்று சக்கரச் சைக்கிளுக்காகச் செய்து பார்த்தவர் ஜான் பாய்ட் டன்லப் என்னும் கால்நடை வைத்தியர். ஆனால் வட்ட முகமும் முள்ளும் உடைய அழுத்தமானி அதற்கும் மூத்தது. பிரெஞ்சு தேசத்து யூஜீன் பூர்தோன் என்பவர் 1849ஆம் ஆண்டிலேயே அதற்கு உரிமை பெற்றார். போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு முதல் இரயில் ஓடிய 1853ஆம் ஆண்டுக்கு நான்காண்டு முந்திய செய்தி இது.

அதன் அமைப்பு அழகானது. வளைந்த மெல்லிய உலோகக் குழாய் ஒன்று உள்ளே இருக்கிறது. காற்று புகுந்ததும் அக்குழாய் சற்றே நிமிர முயல்கிறது. அந்தச் சிறு அசைவைப் பல்சக்கரம் பெருக்கி முள்ளைச் சுழற்றுகிறது. அசைவு சிறியது, பல்லும் சிறியது. ஆகவே கருவி கைதவறிக் கல்தரையில் விழுந்தால், கண்ணாடி உடையாவிடினும் முள் தன் அச்சிலிருந்து நகர்ந்துவிடலாம். பல் ஒன்று தாண்டிவிடலாம். வெளித்தோற்றத்திலோ ஒரு குறையும் தெரியாது. உடைந்த கருவியை எவரும் நம்பமாட்டார். உடையாமல் பொய் சொல்லும் கருவியை எல்லோரும் நம்புவர். அபாயம் அங்கேதான் இருக்கிறது.

சதுர அங்குலத்துக்கு 32 பவுண்டு என முள் காட்ட, உள்ளே 27 பவுண்டுதான் இருக்கிறதென்று கொள்வோம். காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் மிகுதியாக மடங்கி நிமிர்கிறது, அதனால் சூடேறுகிறது, சூட்டினால் உள்ளடுக்குகள் பிரிகின்றன, ஈற்றில் வெடிக்கிறது. விரைவுச்சாலையில் இது நேருமாயின் விளைவை விவரிக்க வேண்டுவதில்லை.

நாம் இருப்புப்பாதை இலாகாவில் குமாஸ்தாவாக ஊழியம் புரிகிறோம். இரயிலின் பிரேக் குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோகிராம் அழுத்தம் இருக்க வேண்டுமென்பது விதி. அதைக் காட்டும் மானிகளைக் கெட்ட பிறகு பார்க்கலாம் என்று விட்டுவைப்பதில்லை. குறித்த காலந்தோறும் சோதிக்கிறார்கள். ஆயிரம் பிரயாணிகளின் உயிருக்குக் காட்டும் அக்கறையை, ஐந்து பேர் செல்லும் காருக்கும் காட்டுதல் தகும் அல்லவா?

இனி உறைக்கு வருவோம். மானியின் உலோக வட்டத்தைச் சுற்றி இறுக அமரும் தடித்த ரப்பர் வளையமே அது. விழும்போது அடியின் வேகத்தைத் தான் வாங்கிக்கொண்டு, உள்ளிருக்கும் பற்களுக்குச் செல்லாமல் தணிக்கிறது. எண்ணெய் படிந்த கையிலிருந்து வழுக்காமலும் காக்கிறது. பேனா போன்ற நீள்குழல் மானிக்கு இது வேண்டுவதில்லை. வட்ட முகமுடையதற்கே வேண்டும்.

வாங்கும்போது மானியின் வெளிவிட்டத்தை அளந்து வாங்குக. தளர்ந்த உறை கழன்று விழும். முகத்தின் எண்களையோ, காற்றை விடுவிக்கும் பொத்தானையோ, சில மானிகளின் பின்புறத்தில் உள்ள பாதுகாப்புத் துளையையோ மறைக்கும் உறை ஆகாது. இயற்கை ரப்பர் பெட்ரோலும் எண்ணெயும் பட்டால் ஊதிப்போகும். வெயிலிலும் காற்றிலும் உள்ள ஓசோனாலும் வெடிப்புக் காணும். பட்டறையில் புழங்குவோர்க்கு எண்ணெயைத் தாங்கும் நைட்ரைல் ரப்பர் உறையே ஏற்றது. அழுக்கேறினால் சோப்பு நீரால் துடைக்கலாம், மண்ணெண்ணெய் கூடாது. மும்பையின் மழைக்காலத்தில் உறைக்கும் உலோகத்துக்கும் இடையே ஈரம் தங்கித் துருப்பிடிக்குமாதலால், அவ்வப்போது கழற்றி உலர்த்தி மாட்டுக.

ரப்பர் நமக்கு அந்நியப் பொருளன்று. 1956இல் தமிழகத்தோடு இணைந்த கன்னியாகுமரி மாவட்டத்தின் மலைச்சரிவுகளில் ரப்பர்த் தோட்டங்கள் உண்டு. 1946இல் சென்னைத் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய சிறு தொழிலே பின்னாளில் எம்.ஆர்.எஃப். டயர் நிறுவனமாக வளர்ந்தது.

ஒன்றை மட்டும் நினைவில் வைத்தல் வேண்டும். உறை, நல்ல மானியை நல்லதாகவே வைத்திருக்கும். கெட்ட மானியை நல்லதாக்காது. முள் பூஜ்யத்தில் நிற்பது மாத்திரம் போதிய அத்தாட்சியன்று. சில மானிகளில் தடுப்பூசி அதை அங்கே நிறுத்திவைக்கும். நம்பிக்கையான வேறொரு மானியால் அதே டயரை அளந்து ஒப்பிட்டுப் பார்ப்பதே சரியான சோதனை. ஓடிய டயர் சூட்டினால் மிகுதியாகக் காட்டுமாதலால், காலையில் வண்டி கிளம்புமுன் அளக்க வேண்டும். எவ்வளவு காற்று என்பதற்கு, ஓட்டுநர் கதவருகே ஒட்டியுள்ள அட்டவணையே பிரமாணம்; முழுப் பாரத்துக்குரிய அளவு அதில் தனியே குறிக்கப்பட்டிருக்கும்.

பஞ்சர் கடை நடத்தும் சகோதரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நாள்தோறும் பலர் உங்கள் மானியை நம்பிச் செல்கிறார்கள். அதன் எண் பிழையானால் அத்தனை வண்டிக்கும் பிழையாகும். அதற்கு உறையிடுங்கள், மாதம் ஒரு முறை ஒப்பிட்டுச் சோதியுங்கள். ஊருக்குப் புறப்படும் குடும்பத்தலைவர்களும், தின்பண்டப் பொட்டலம் கட்டுமுன் டயரைப் பாருங்கள். அனைவரும் நலமே சென்று, நலமே திரும்புக!