பத்தியில் நிற்கும் மொறிஸ் மைனர்

யாழ்ப்பாணத்திலே பழைய மோட்டார் வண்டி வைத்திருக்கும் குடும்பஸ்தர் ஒருவரைப் பேச்சுக்கு இழுத்துப் பாருங்கள். பிள்ளைகளின் வயதைச் சொல்லுமுன் வண்டியின் வயதைச் சொல்லிவிடுவார்! கொக்குவிலில் நாம் அறிந்த ஓர் ஆசிரியரும் அப்படிப்பட்டவரே. அவரிடம் இருப்பது தந்தையார் வாங்கிய 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர்.

அலெக் இசிகோனிஸ் என்னும் நிபுணர் வகுத்த இவ்வண்டி 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமாயிற்று. 1971 வரையில் 16 இலட்சத்துக்கு மேற்பட்டவை செய்யப்பட்டன. ஆசிரியரின் வண்டிக்கோ தனிச் சரித்திரமே உண்டு. 1990ஆம் ஆண்டின் பின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டபோது, அது மண்ணெண்ணெயில் ஓடிற்று. சிறிது பெற்றோல் கொடுத்து எஞ்சினை எழுப்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகை கண்ணைக் கரிக்கும். எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும். அப்படியிருந்தும் அயலவரின் பிரசவங்களுக்கெல்லாம் அந்த வண்டியே ஓடியது.

அதனைப் புதுப்பிக்கவென 2019இல் கதவுகளையும் மட்காட்டுகளையும் கழற்றினார். பின்னர் வந்தது 2022. மார்ச்சுத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த டொலர், மே மாதத்தில் 350ஐத் தாண்டிற்று. இங்கிலாந்திலிருந்து தருவிக்கும் உதிரிப்பாகத்தின் விலையைக் கேட்பதற்கே அச்சமாயிருந்தது. அதே வருஷத்தில் மகளுக்குப் பேராதனையில் இடம் கிடைத்தது. தாயார் படுக்கையில் விழுந்தார். கூரை வளைகளைக் கறையான் அரித்திருப்பதும் தெரியவந்தது.

வண்டியை விற்றுவிடலாமென்று உறவினர் சொன்னார்கள். 2020 முதல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தமையால் பழைய வண்டிகளுக்கு நல்ல கிராக்கி. ஆனால் பிரித்துப் போட்ட வண்டிக்கு யார் முழு விலை தருவார்கள்? விற்க வேண்டாம், நிறுத்தி வைப்போம் என்று தீர்மானித்தவர் மனைவியார்தான். மைனருக்கு வேண்டிய பாகங்கள் இன்றும் இங்கிலாந்தில் செய்யப்படுகின்றன. வண்டி பொறுத்திருக்கும், கூரை பொறுக்காது என்பது அவ்வம்மையாரின் கணக்கு. நமக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

ஆயினும் நிறுத்தி வைப்பதென்பது ஒரு மூலையில் தள்ளிவிடுவதன்று. உப்புக்காற்று வீசும் நமது நாட்டில் கவனியாது விட்ட வண்டியை இரண்டு மாரிகளே தின்றுவிடும். ஆசிரியர் முதலில் பெற்றோல் தாங்கியை வெறுமையாக்கி, பற்றறியைக் கழற்றினார். ரயர்கள் நசுங்காதிருக்க வண்டியைக் கட்டைகளில் ஏற்றினார். கைப்பிரேக்கைத் தளர்த்தி விட்டார்; இறுக்கி வைத்தால் பிரேக் உள்ளே ஒட்டிக்கொள்ளும். கழுவித் துடைத்த தகரத்துக்குத் துருத்தடைப் பூச்சுப் பூசினார். பொலித்தீன் விரிப்பால் மூடவில்லை. அதனுள்ளே ஈரம் வியர்த்துத் துருவை வளர்க்குமாதலால் பழைய பருத்திச் சேலைகளே போர்வையாயின. (இதற்கு மட்டும் மனைவியாரின் சம்மதம் எளிதிற் கிடைக்கவில்லையாம்.) எலிகள் வயர்களைக் கடிக்காதிருக்கப் பத்தியில் நெல் மூட்டை வைப்பதும் நிறுத்தப்பட்டது.

மாதம் ஒருமுறை எஞ்சினைச் சில நிமிஷம் ஓட்டி நிறுத்துவோர் உளர். அது நன்மையன்று, முற்றாகச் சூடேறாத எஞ்சினிலும் புகைக்குழாயிலும் நீர் தங்கிவிடும். அதற்குப் பதிலாக பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டர்களுள் சில துளி ஒயில் விட்டு, முன்புறத்திற் கைபிடியை மாட்டிச் சுற்றுவதே உத்தமம்.

கூரை வேலை முடிந்தது. 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதியும் மீண்டும் தொடங்கிற்று. ஆனாலும் தாயாரின் மருந்துச் செலவு குறையவில்லை. மகளின் படிப்பும் முடியவில்லை. கழற்றிய ஆணிகளெல்லாம் பால்மாத் தகரங்களில் இருக்கின்றன. எது எவ்விடத்துக்குரியதென்று ஒவ்வொன்றிலும் மகள் எழுதி ஒட்டியிருக்கிறாள். விடுமுறைக்கு அவள் வரும் நாட்களில், கைபிடி சுற்றும் வேலை அவளுடையது.