காளையைக் காணோம்! தஞ்சை அரண்மனையில் ஓர் அதிசயச் சிலை

தஞ்சை அரண்மனை நாயக்க மன்னர்கள் கட்டியது. பிறகு மராட்டிய மன்னர்கள் வாழ்ந்தது. அங்கு 1951-ம் ஆண்டில் ஒரு கலைக்கூடம் ஏற்பட்டது.

அங்குள்ள வெண்கலச் சிலைகளில் ஒன்றைப் பார்ப்பவர்கள் திகைத்துப் போவார்கள். சிவபெருமான் ஒரு கையை மடித்து, எதன் மீதோ சாய்ந்தபடி நிற்கிறார். எதன் மீது? காளை மீது! ஆனால் காளையைக் காணோம்.

இது திருவெண்காடு கோவிலுக்கு 1011-ம் ஆண்டில் வழங்கப்பட்ட சிலை. நெடுங்காலம் மண்ணுக்குள் புதைந்து கிடந்தது. சிவன் கிடைத்தார், காளை கிடைக்கவில்லை.

கோவிலில் பட்டும் மாலையும் சாத்தினால் முகம் மட்டுமே தெரியும். இங்கே பூசை இல்லை, மாலையும் இல்லை. ஆனால் தலைப்பாகை போலச் சுற்றிய சடையும், மெல்லிய விரல்களும் நன்றாகத் தெரிகின்றன.

மடித்த அந்தக் கையைச் சற்று நேரம் பாருங்கள். பக்கத்தில் காளை நிற்பது போலவே தோன்றும். இல்லாததையும் காட்டிவிட்டான் சோழ நாட்டுச் சிற்பி!