ஒரே ஓட்டை, இரண்டு கோளாறு

சிக்னலில் நிற்கும்போது டர்போ பெட்ரோல் கார் நடுங்குகிறது. ஆர்பிஎம் முள் ஏறி இறங்குகிறது. ஏன்?

ஐடிலில் த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருக்கும். பிஸ்டன்கள் இழுக்கிற இழுப்பில் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் அழுத்தம் 30–40 கிலோபாஸ்கலுக்கு இறங்கிவிடும், வெளியே 101. மேனிஃபோல்டோடு இணைந்த ரப்பர் ஹோஸ் எங்காவது வெடித்திருந்தால் அந்த வழியே காற்று உள்ளே பாயும். காற்றை அளக்கும் சென்சாரோ அந்த ஓட்டைக்கு முன்னாலேயே இருக்கிறது. இந்தத் திருட்டுக் காற்று அதன் கணக்கில் வராது. எடையில் 1 பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற விகிதம் கெட்டுவிடும்; அதனால்தான் நடுக்கம்.

டர்போவின் வேடிக்கை இனிமேல்தான். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் மேனிஃபோல்டு அழுத்தம் வெளிக்காற்றை மிஞ்சும்; அதே ஓட்டை இப்போது காற்றை வெளியே துப்பும். அளந்த காற்று சிலிண்டருக்குப் போய்ச் சேராது. பெட்ரோல் மிஞ்சும், இழுவை குறையும்.

எப்படிப் பிடிப்பது? ஸ்கேனரில் ஃப்யூயல் ட்ரிம், அதாவது என்ஜின் கணினி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு, பாருங்கள். ஐடிலில் +20% காட்டி, 2,500 ஆர்பிஎம்மில் இயல்புக்கு வந்தால் லீக்தான் முதல் சந்தேகம். என்ஜினை நிறுத்திவிட்டு, குறைந்த அழுத்தத்தில் புகையை உள்ளே செலுத்தினால் விரிசலில் இழையாகக் கசிந்து காட்டிக்கொடுக்கும். கார்ப் க்ளீனர் அடித்துப் பார்க்கும் பழைய வித்தை சூடான டர்போ பக்கத்தில் வேண்டாம், தீப்பிடிக்கும். ஐடிலில் ஆயில் மூடி கழற்ற முடியாதபடி உறிஞ்சிக்கொண்டு, விசில் சத்தமும் கேட்டால் என்ஜினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்குத் திருப்பும் பிசிவி வால்வின் டயஃப்ரம் கிழிந்திருக்கலாம்.

வெடித்த ஹோஸுக்கு டேப் சுற்றாதீர்கள், பூஸ்ட்டில் பிய்த்துக்கொள்ளும். புது ஹோஸ், புது கிளாம்ப் போட்டு, எரர் கோடை அழித்து, மறுபடி ட்ரிம் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.