வழக்கறிஞருக்கு யார் காவல்?

மதுரையில் கே.கே. நகரில் குடியிருப்பவன் நான். எங்கள் பகுதியை ஒட்டி மாவட்ட நீதிமன்ற வளாகம் இருக்கிறது. காலை பத்து மணிக்கு அந்தப் பக்கம் நடந்து சென்றால், மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் வந்த மக்கள் மஞ்சள் பையில் காகிதங்களை வைத்துக்கொண்டு மரத்தடியில் காத்திருப்பதைக் காணலாம். அவர்களுள் பெரும்பாலோர் சட்டம் அறியாதவர்கள். தம் வக்கீல் வந்துவிட்டாரா என்பதே அவர்களுடைய கவலை. வக்காலத்து என்னும் ஒரு தாளில் கையெழுத்தோ கைநாட்டோ இட்டுத் தம் நிலத்தையும் மானத்தையும், சில வேளைகளில் உயிரையுமே அவரிடம் ஒப்படைத்திருக்கிறார்கள்.

அந்த வக்கீலையே பிடித்து உள்ளே வைத்துவிட்டால் என்ன ஆகும்? இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுதான்.

பல ஆண்டுகளுக்கு முன், என் நண்பர் ஒருவர் வக்கீல் தொழிலில் புதிதாக இறங்கியிருந்தார். திருட்டுக் குற்றம் சாட்டப்பட்ட ஓர் இளைஞனைப் பார்க்க ஒரு நாள் மாலை காவல் நிலையத்திற்குச் சென்றார். "பையனைப் பிடித்து இரண்டு நாளாயிற்றே, ஏன் இன்னும் நீதிபதி முன் நிறுத்தவில்லை?" என்று கேட்டார். அதற்குக் கிடைத்த பதில், "களவாணிக்குப் பரிந்து பேச வந்திருக்கிறீரே, உமக்கு அதில் என்ன பங்கு?" என்பது. பிறகு அவரை ஒரு பலகையில் உட்கார வைத்தார்கள். எழுந்து போக விடவில்லை. பொழுது விடிந்த பின்னரே அனுப்பினார்கள். அவர்மீது வழக்குப் பதியவில்லை; கைது என்று எந்த ஏட்டிலும் எழுதவும் இல்லை. அன்றிரவு முழுவதும் அவருடைய தாயார் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார்.

விடுபட்டு வந்த நண்பர் என்னிடம் சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது. "என்னை உட்கார வைத்தது பெரிதல்ல. அந்தப் பையன் கம்பிக்குள்ளிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். வக்கீலுக்கே இந்தக் கதி என்றால் நமக்கு என்ன என்று அவன் எண்ணியிருப்பான் அல்லவா?" என்றார். அடுத்த சில மாதங்கள் காவல் நிலைய வழக்கு எதையும் அவர் ஏற்கவில்லை. ஒருவரை ஓர் இரவு தடுத்து வைத்ததனால், துணை தேடி வந்த பலர் துணையின்றித் திரும்பினார்கள்.

"உமக்கு என்ன பங்கு?" என்ற கேள்வியைச் சற்றே ஆராய்வோம். குற்றவாளிக்காகப் பேசுபவனும் குற்றவாளியே என்னும் எண்ணம் அதனுள் ஒளிந்திருக்கிறது. நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் மருத்துவரை நோய்க்குக் காரணமானவர் என்று யாரும் சொல்வதில்லை. ஆயினும் வழக்கறிஞரை அவ்வாறு சொல்லப் பலரும் தயங்குவதில்லை. குற்றம் சாட்டப்பட்டவன் வேறு, குற்றவாளி வேறு. அந்த வேற்றுமையை விசாரித்து அறிவதற்காகவே நீதிமன்றம் இருக்கிறது.

மதுரைக்காரர்களுக்கு இதை விளக்க நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. சிலப்பதிகாரத்தில் கோவலன் எவ்வாறு இறந்தான்? பொற்கொல்லன் சொன்ன ஒரு சொல்லை நம்பி அரசன் ஆணையிட்டான். கோவலன் பக்கம் நின்று ஒரு கேள்வி கேட்க அங்கே எவரும் இல்லை. அரசியின் சிலம்பில் இருந்தவை முத்துகள்; கண்ணகியின் சிலம்பில் இருந்தவை மாணிக்கங்கள். உடைத்துப் பார்த்தால் ஒரு நொடியில் விளங்கும் உண்மை அது. கண்ணகி வந்து வழக்குரைத்தபோது உண்மை வெளிப்பட்டது. ஆனால் கோவலன் உயிரோடு இல்லை. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்க வேண்டிய நேரத்தில் கேட்பதே வழக்கறிஞர் தொழிலின் சாரம். அவரை ஒரு நாள் தடுத்து வைத்தாலும் அந்த நேரம் தவறிவிடும்.

இதே மதுரையில் வாழ்ந்த பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்பை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். கேரளத்தில் பிறந்து மதுரையைத் தம் ஊராக்கிக்கொண்டு, 1938-ஆம் ஆண்டில் இங்கேயே மறைந்தவர். குற்றப் பரம்பரைச் சட்டம் ஒரு சமூகம் முழுவதையும் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று முத்திரையிட்டிருந்த காலத்தில், பிறமலைக் கள்ளர் மக்களுக்காக அவர் வாதாடினார். அம்மக்கள் ஜோசப் என்னும் பெயரையே ரோசாப்பூ ஆக்கி, அவரை 'ரோசாப்பூ துரை' என்று அழைத்தார்கள். யாருக்காகப் பேசுவதை அரசு விரும்பவில்லையோ, அவர்களுக்கே வழக்கறிஞர் மிகுதியாகத் தேவைப்படுகிறார் என்பதற்கு அவர் வாழ்க்கை ஒரு சான்று.

இனி நம் நாட்டுச் சட்டத்தைப் பார்ப்போம். அரசியலமைப்பின் 22-ஆவது பிரிவு, கைது செய்யப்பட்டவருக்குக் காரணத்தைத் தெரிவிக்க வேண்டும் என்கிறது; தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ளும் உரிமையை அளிக்கிறது; பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் நீதிபதி முன் நிறுத்தவும் கட்டளையிடுகிறது. என் நண்பர் அன்று கேட்டது இந்த ஒரே கேள்வியைத்தான். ஆனால் அதே பிரிவு, தடுப்புக் காவலில் வைக்கப்பட்டவருக்கு இவ்வுரிமைகளை அப்படியே அளிக்கவில்லை. ஆகவே தடுப்புக் காவல் ஆணை பிறப்பிக்கப்படும் இடங்களில் நம் விழிப்பு மேலும் கூர்மையாக இருக்க வேண்டும். அத்தகைய ஆணையை எதிர்த்து ஆட்கொணர்வு மனுவுடன் உயர் நீதிமன்றத்தை நாடலாம். தென்மாவட்ட மக்கள் இதற்காகச் சென்னை வரை அலைந்த காலம் ஒன்று உண்டு. 2004 ஜூலையில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறக்கப்பட்ட பின் அந்த அலைச்சல் நீங்கிற்று.

கட்சிக்காரர் தம் வழக்கறிஞரிடம் நம்பிச் சொன்னதை வெளியிடும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது என்பது மற்றொரு காப்பு. பழைய சாட்சியச் சட்டத்தில் இருந்த இவ்விதி, 2023-ஆம் ஆண்டுப் புதிய சட்டத்தில் 132-ஆவது பிரிவாக இடம்பெற்றிருக்கிறது. 2025-ஆம் ஆண்டு ஜூனில், சட்டக் கருத்துரை வழங்கியதற்காகச் சென்னையைச் சேர்ந்த மூத்த வழக்கறிஞர் அரவிந்த் தாத்தாருக்கு அமலாக்கத் துறை அழைப்பாணை அனுப்பிற்று. வழக்கறிஞர் சங்கங்கள் எதிர்ப்புக் குரல் எழுப்பின; அழைப்பாணை திரும்பப் பெறப்பட்டது. உச்ச நீதிமன்றம் இப்பொருளைத் தானே முன்வந்து விசாரித்து, அவ்வாண்டு அக்டோபர் 31-ஆம் நாள் தீர்ப்பு வழங்கியது. வழக்கின் விவரங்களை அறிவதற்காக வழக்கறிஞரை அழைக்கலாகாது; சட்டம் சொல்லும் விதிவிலக்கு பொருந்துமாயின் அதற்கான காரணத்தை அழைப்பாணையிலேயே குறிப்பிட வேண்டும்; காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத மேலதிகாரி எழுத்து மூலம் இசைவு தர வேண்டும் என்று அத்தீர்ப்பு வரையறுத்தது.

அப்படியானால் வழக்கறிஞர் சட்டத்திற்கு மேற்பட்டவரா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. கட்சிக்காரரோடு சேர்ந்து அவரும் குற்றம் செய்தால், மற்றவர்களைப் போலவே அவரும் தண்டனைக்கு உரியவர். நான் குறிப்பிட்ட விதிவிலக்கும் இதைப் பற்றியதே. தொழிலைச் செய்ததையே குற்றமாக்கலாகாது என்பதுதான் நாம் வேண்டுவது.

காப்பு தளர்ந்தால் என்ன நேரும் என்பதற்கு அண்டை நாடான இலங்கையைப் பாருங்கள். வழக்கறிஞர் ஹெஜாஸ் ஹிஸ்புல்லா 2020 ஏப்ரல் 14-ஆம் நாள் கைது செய்யப்பட்டார். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்படி காவலில் வைக்கப்பட்டார். அதிகாரிகள் அவருடைய கட்சிக்காரர்களின் வழக்குக் கோப்புகளையும் பார்வையிட்டார்கள். அவர் தம் வழக்கறிஞரோடு தனித்துப் பேசவும் தடை இருந்தது. குற்றச்சாட்டுப் பதியவே ஏறத்தாழப் பத்து மாதம் சென்றது. 2022 பிப்ரவரியில்தான் மேன்முறையீட்டு நீதிமன்றம் பிணை வழங்கியது. இருபத்திரண்டு மாதங்கள்! அவர்மீது சாட்டப்பட்ட குற்றத்தின் தன்மையை நான் இங்கே ஆராயவில்லை. சட்டத்தை நன்கு அறிந்த ஒருவருக்கே இவ்வளவு காலம் ஆயிற்றென்றால், ஒன்றும் அறியாத ஏழைக்கு எவ்வளவு காலம் ஆகும் என்பதையே எண்ணிப் பார்க்கச் சொல்கிறேன்.

உலக நாடுகள் இதை உணராமல் இல்லை. 1990-ஆம் ஆண்டில் ஹவானா நகரில் கூடிய ஐக்கிய நாடுகள் பேரவை, வழக்கறிஞர் பணி பற்றிய அடிப்படை நெறிகளை வகுத்தது. தொழிலைச் செய்வதற்காக வழக்கறிஞரை மிரட்டலாகாது, அவரை அவருடைய கட்சிக்காரரோடு ஒன்றாக எண்ணலாகாது என்பன அவற்றுள் தலையாயவை. அவை அறிவுரைகளே; மீறினால் தண்டிக்கும் அதிகாரம் அவற்றுக்கு இல்லை. 2025-ஆம் ஆண்டில் ஐரோப்பிய நாடுகளின் மன்றம் இதையே நாடுகளைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையாக உருவாக்கி, மே மாதம் கையொப்பத்திற்கு வைத்தது.

நண்பர்களே! உங்களுள் சிலர் நாளை வழக்கறிஞராகலாம். சிலர் காவல்துறை அதிகாரியாகலாம். ஒரு நாள் மாலை, திருட்டுக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு பையனுக்காக இளம் வக்கீல் ஒருவர் உங்கள் நிலையத்திற்கு வந்து நிற்கக்கூடும். அவருக்கு அதில் என்ன பங்கு என்று கேளாதீர்கள். அவர் கேட்கும் கேள்விக்கு விடை சொல்லுங்கள். அவ்விடை உங்களிடம் இல்லையென்றால், அந்தப் பையனை உடனே நீதிபதியிடம் அழைத்துச் செல்லுங்கள்.