துளிரும் ரோஜாவும்

மார்கழிக் குளிர் பாலாற்றங்கரையைப் போர்க்கும் நாட்களில், தோல் பதனிடும் ஊர்களாகிய ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் கிறிஸ்தவர் பாடுவன இருவகைப்படும். ஒன்று கீர்த்தனை, அதன் இராகமும் தாளமும் நம் நாட்டவை. மற்றொன்று ஞானப்பாட்டு, சொல் தமிழாயினும் மெட்டு பெரும்பாலும் மேனாட்டது. ஜெர்மானிய மெட்டு இப்பக்கம் வந்த வழி நீண்டது. 1706-இல் சீகன்பால்கு ஐயர் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். பப்ரிசியுஸ் ஐயர் (1711–1791) ஜெர்மானியப் பாட்டுகள் பலவற்றைத் தமிழாக்கினார். பின்னர், ஜெர்மனியினின்று அமெரிக்காவிற் குடியேறியோர் நிறுவிய மிசூரி லுத்தரன் சபையின் மிஷன் 1895-இல் கிருஷ்ணகிரியில் தொடங்கி ஆம்பூர்ப் பக்கமும் பரவிற்று.

இத்தகைய மெட்டொன்றிற்கு எம் பாடற்குழுவினர் புதிதாய்த் தமிழ்ச்சொல் அமைக்கப் புகுந்தோம். அதனை நான்கு குரலில் அமைத்தவர் மிக்கேல் பிரட்டோரியுஸ் (1571–1621). அவரது குடும்பப் பெயர் ஷுல்ட்சே. நம் மணியக்காரரைப் போன்ற ஊர்த்தலைவரைக் குறிக்கும் அப்பெயரை இலத்தீனில் பெயர்த்தே பிரட்டோரியுஸ் எனக் கொண்டனர். (சூரியநாராயண சாஸ்திரியார் பரிதிமாற் கலைஞரானது இதற்கு மறுதலை.) அவர் வுல்ஃபென்பியூட்டல் அரண்மனையின் இசைத்தலைவர். 1605 முதல் 1610 வரை ‘மியூசே சியோனியே’ என்னும் தொகுதியை ஒன்பது பகுதிகளாக வெளியிட்டார். அதில் 1200-க்கு மேற்பட்ட இசையமைப்புகள் உள.

யாம் எடுத்துக்கொண்ட பாட்டு 1609-இல் வெளிவந்த ஆறாம் பகுதியிலுள்ளது. ‘ஒரு ரோஜா முளைத்தது’ என்பது அதன் கருத்து. அப்பாட்டு 1599-இலேயே கத்தோலிக்கரின் புத்தகமொன்றில் அச்சேறியிருந்தது. ஆங்கே ரோஜா மரியாளைக் குறித்தது. லுத்தரன் சபையினராகிய பிரட்டோரியுஸின் பதிப்பிலோ மரியாள் ஈன்ற மகவே ரோஜா. ஏசாயா 11-ஆம் அதிகாரம் கூறுவது ரோஜாவன்று, துளிரே. ஜெர்மானியத்தில் துளிர் ‘ரைஸ்’, ரோஜா ‘ரோஸ்’. ஓசை நெருக்கத்தால் ஒன்று மற்றொன்றாயிற்று எனக் கருதுவோர் உளர்.

இசையமைப்பு எளியது. நான்கு குரலும் பெரும்பாலும் ஒரே அசையை ஒரே காலத்தில் ஒலிக்கின்றன, ஒன்றையொன்று துரத்துவதில்லை. ஆதலின் சொல் தெளிவாய்க் கேட்க வேண்டும். ஆயினும் யாம் முதன்முறை பாடியபோது சபைப் பெரியவர் ஒருவர், “தம்பிமாரே, மெட்டு நன்று, சொல்தான் விளங்கவில்லை” என்றார்.

எமக்கு அது சுருக்கென்றது. தமிழில் குறிலும் நெடிலும் பொருளையே பிரிப்பன அல்லவா? குறிலை நீண்ட சுரத்திற் கிடத்தினால் ‘வரும்’ என்பது ‘வாரும்’ ஆகிறது, தீர்க்கதரிசனம் விண்ணப்பமாய்விடுகிறது. ‘படும்’ என்பது ‘பாடும்’ ஆயின் வேதனையே களிப்பாகும்! தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் (1774–1864) கீர்த்தனைகளைப் பாடும்போதும் குறில் நீள்வதுண்டு. ஆயின் பல்லவி திரும்பத் திரும்ப வருதலின் சொல் தப்பாது. நான்கு குரற்பாட்டில் ஒரு சொல் ஒருமுறைதான் வரும், தவறின் தவறியதே. குற்றம் பிரட்டோரியுஸுடையதன்று, சொல் அமைத்த எம்முடையது.

சென்ற கிறிஸ்துமஸுக்கு முன், நீண்ட சுரங்களில் நெடிலே நிற்குமாறு திருத்தினோம். ‘வரும்’ என்பது ‘தோன்றும்’ ஆயிற்று. சொல் விளங்கியது என்றார் அப்பெரியவர். தாளந்தான் அவருக்குப் பிடிபடவில்லை. நான்கெனத் தட்டிவருகையில் இடையே மூன்றென ஒலிக்கும் அம்மெட்டில் அவர் கை இருமுறை அந்தரத்தில் நின்றது.