இன்னுமா மெயில்ல கோட் ரிவியூ பண்றாங்க?

போன வாரம் ஆஃபீஸ்ல புதுசா சேர்ந்த ஒரு தம்பி கேட்டான்: "அண்ணா, லினக்ஸ் கெர்னல்ல இன்னும் மெயில்லதான் கோட் ரிவியூவாமே, நிஜமாவா?" நிஜம்தான். இதுல வேடிக்கை என்னன்னா, 2005-ல லினஸ் டோர்வால்ட்ஸ் 'கிட்'டை எழுதினதே கெர்னல் வேலைக்காகத்தான். அதே கிட்டை வச்சு நாமெல்லாம் கிட்ஹப்ல புல் ரிக்வெஸ்ட் போட்டுட்டு இருக்கோம். அவங்க இன்னும் மெயில்லயே இருக்காங்க.

எப்படி நடக்குதுன்னு பார்ப்போம். 'கிட் ஃபார்மட்-பேட்ச்'னு அடிச்சா உங்க ஒவ்வொரு கமிட்டும் ஒரு மெயிலா மாறிடும். யாருக்கு அனுப்பறது? எந்தப் பகுதிக்கு யார் பொறுப்புன்னு கெர்னல் கோடுக்குள்ளயே 'மெயின்டெய்னர்ஸ்'னு ஒரு ஃபைல் இருக்கு. அவங்களுக்கும் அந்தப் பகுதியோட மெயிலிங் லிஸ்டுக்கும் 'கிட் சென்ட்-ஈமெயில்' மூலமா அனுப்பணும். ரிவியூ பண்றவர் ரிப்ளை அடிச்சு, உங்க வரிகளுக்கு நடுவுலயே கேள்வி எழுதுவார். நீங்க திருத்தி வி2, வி3ன்னு மறுபடி அனுப்பணும். திருப்தியானா 'ரிவியூட்-பை'ன்னு தன் பேரைக் கொடுப்பார். அந்தப் பேரு கமிட் மெசேஜ்லயே பதிவாயிடும்.

கேக்க சுலபமா இருக்குல்ல? நான் முதல்தடவை அனுப்பினது ஒரே ஒரு ஸ்பெல்லிங் திருத்தம். பிரவுசர்ல மெயிலைத் திறந்து பேட்சை அப்படியே ஒட்டி அனுப்பிட்டேன். டேப் எல்லாம் ஸ்பேஸ் ஆகி, நீள வரிகள் எல்லாம் உடைஞ்சு, அப்ளையே ஆகல. அப்படி அனுப்பாதீங்கன்னு கெர்னல் டாக்குமென்டேஷன்லயே எழுதியிருக்கு. படிக்காதது என் தப்பு. ஒரு எழுத்தை மாத்த ஒரு சாயங்காலம் போச்சு.

இந்த இடத்துலதான் தனி டூல்கள் ஜெயிக்குது. ஆண்ட்ராய்டும் கோ மொழியும் 'கெரிட்' பயன்படுத்துறாங்க. டெஸ்ட் பாஸா ஃபெயிலா, யார் பார்க்கணும், எந்தக் கேள்விக்கு இன்னும் பதில் இல்லை, எல்லாம் ஒரே பக்கத்துல தெரியும். மெயில்ல உங்க பேட்ச் நூறு மெயிலுக்கு அடியில போயிட்டா அவ்வளவுதான். குறைஞ்சது ஒரு வாரம் காத்திருந்து அப்புறமா ஞாபகப்படுத்துங்கன்னுதான் அங்கே வழக்கம்.

அப்போ மெயில் எதுக்கு? ஒரு விஷயம், கமிட் மெசேஜ். மெயில்ல அதுவும் சாதாரண எழுத்துதான், "இந்தக் காரணம் புரியல"ன்னு அதுக்குக் கீழேயே கேட்கலாம். கெரிட்லயும் இது முடியும். கிட்ஹப்ல கோடு வரியில கமென்ட் போடலாமே தவிர, கமிட் மெசேஜோட வரியில போட முடியாது. அதனாலயே நாம 'ஃபிக்ஸ்', 'ஃபிக்ஸ் அகெய்ன்'னு எழுதித் தப்பிச்சுக்கறோம்!

இன்னொண்ணு எனக்குப் பட்டாத்தான் புரிஞ்சது. முன்னாடி வேலை பார்த்த ஒரு கம்பெனியில ரிவியூ டூலை மாத்தினாங்க. கோடு பத்திரமா வந்துடுச்சு, கமென்ட்ஸ் வரல. ஆறு மாசம் கழிச்சு பேமென்ட் கோடுல "மூணு தடவைக்கு மேல ரீட்ரை பண்ணாதே"ன்னு ஒரு கண்டிஷன். ஏன் மூணு? எழுதினவர் வேலையை விட்டுட்டார். காரணத்தை அவர் எழுதியிருந்தது அணைச்சுப் போட்ட அந்தப் பழைய சர்வர்ல. நான் அஞ்சா மாத்தினேன். சில கஸ்டமர்களுக்கு ரெண்டு தடவை பணம் பிடிச்சுடுச்சு.

டூல் நிரந்தரம் இல்லைங்க. ஃபேஸ்புக்ல பிறந்த 'ஃபேப்ரிகேட்டர்' நிறைய பேருக்குப் பிடிச்ச ரிவியூ டூல். அதைப் பார்த்துக்கிட்ட கம்பெனி 2021-ல கடையை மூடிடுச்சு. அதுல இருந்த எல்எல்விஎம் ப்ராஜெக்ட் 2023-ல கிட்ஹப்புக்கு மாறுச்சு. பழைய ரிவியூக்களைப் படிக்கிற மாதிரி காப்பாத்தி வைக்கறது அவங்களுக்குத் தனி வேலையாச்சு. கெர்னல் விவாதங்களோ 'லோர்'ங்கற பொது ஆர்க்கைவ்ல இருக்கு. யார் வேணும்னாலும் மொத்தமா இறக்கி வச்சுக்கலாம்.

அதுக்காக எட்டு பேர் இருக்கற எங்க டீமை மெயிலுக்கு மாத்தவா முடியும்? நாளைக்கே ராஜினாமா பண்ணிடுவாங்க. நாங்க புல் ரிக்வெஸ்ட்லதான் இருக்கோம். ஒரே ஒரு விதி: ரிவியூல யாராவது "ஏன்?"னு கேட்டா, பதிலை கமென்ட்ல மட்டும் விடாம கமிட் மெசேஜ்லயும் எழுதிட்டுத்தான் மெர்ஜ்.

அந்த ஸ்பெல்லிங் பேட்ச் என்னாச்சுன்னா, சென்ட்-ஈமெயில் செட்டப் பண்ணி வி2 அனுப்பினேன். ஒன்பதாவது நாள் பதில் வந்துச்சு: "அப்ளைட், தேங்க்ஸ்."